பூண்டியிலிருந்து புறப்பட்ட ஒரு கன அடி

ஒரு கன அடி தண்ணீர் ஏறக்குறைய 28 லிட்டர். இரண்டு பிளாஸ்டிக் குடம் நிரம்பும். கோடையில் வடசென்னைத் தெருவில் லாரிக்குக் காத்து நிற்கும் வீட்டுக்கு ஒரு வேளைப் பாடு தீரும். அதே கன அடியை ஐப்பசி, கார்த்திகையில் பூண்டி அணையின் மதகிலிருந்து பின்தொடர்ந்து போனால், கொசஸ்தலையாற்றின் வெள்ளத் திட்டம் எந்த இடத்தில் கெட்டி, எந்த இடத்தில் ஓட்டை என்பது தெரிந்துவிடும்.

அது பூண்டிக்கு எங்கிருந்து வந்தது? நகரி மலைப்பக்கம் பெய்த மழையாக இருக்கலாம். காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்ததாக இருக்கலாம். 1996-க்குப் பிறகு இன்னொரு வழியும் உண்டு: கிருஷ்ணா நீர் ஸ்ரீசைலத்திலிருந்து சோமசீலா, கண்டலேறு என்று இறங்கி, ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயின்ட்டில் தமிழக எல்லைக்குள் நுழைகிறது. எல்லாம் கலக்கும் இந்த அணைக்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். சென்னை மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி 1943-இல் மறைந்தார். அணை முடிந்தது 1944-இல். கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி.

சிக்கலின் முதல் முடிச்சு இங்கேயே விழுகிறது. பூண்டி குடிநீருக்காகக் கட்டப்பட்டது. வெள்ளத்தைத் தாங்கும் அணை என்றால் மழைக்கு முன் காலியாக இருக்க வேண்டும். குடிநீர் அணை என்றால் மழை முடியும்போது நிரம்பியிருக்க வேண்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதைப் பார்த்த எந்தப் பொறியாளரும் நவம்பரில் தாராளமாகத் தண்ணீரைத் திறந்துவிட மனம் துணிய மாட்டார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியும் அடையாறும் பட்ட பாட்டைப் பார்த்தவர் மூடி வைக்கவும் துணிய மாட்டார். இரண்டு பயத்துக்கும் நடுவில்தான் மதகு ஏறி இறங்குகிறது. இதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2021 நவம்பரில் பூண்டியிலிருந்து வினாடிக்கு 30,000 கன அடிக்கு மேல் வெளியேறியது. 30,000 என்றே வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் கணக்குப் போட்டால் 2,592 மில்லியன் கன அடி, அதாவது அணையின் மொத்தக் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கு. தேக்கி வைத்து வெள்ளத்தைத் தணிக்கும் பேச்சுக்கே இடமில்லை. மேலிருந்து வருவதை அப்படியே கீழே அனுப்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

மதகு தாண்டிய நம் கன அடிக்குச் செய்தித்தாள் வாசகருக்குப் பழக்கமான ஊர்ப்பட்டியல்தான் பாதை: ஒதப்பை, மெய்யூர், தாமரைப்பாக்கம், சீமாவரம், வெள்ளிவாயல், நாப்பாளையம், இடையான்சாவடி. மழைக்காலம்தோறும் இதே வரிசையில் எச்சரிக்கை வருகிறது. தொடக்கத்தில் அத்திரம்பாக்கமும் உண்டு. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரி கண்டெடுத்த இடம். மனிதர் இந்த ஆற்றோரம் வாழத் தொடங்கிப் பல லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர்களிடம் தரைப்பாலம் இல்லை. நம்மிடம் இருக்கிறது, தண்ணீர் ஏறியதும் அது முழுகி, இந்தக் கரைக்காரர் அந்தக் கரைக்குச் சுற்றிக்கொண்டு போகிறார்.

தாமரைப்பாக்கம் அணைக்கட்டு ஆற்று நீரைச் சோழவரம், புழல் பக்கம் திருப்புவதற்காகக் கட்டப்பட்டது. வெள்ள நாளில் அந்த ஏரிகளுக்கே வயிறு நிறைந்துவிடுவதால் நம் கன அடி அங்கே தங்காமல் தடுப்பைத் தாண்டிக் குதிக்கிறது. கடைசித் தடுப்பு வல்லூர் அணைக்கட்டு. கடலின் உப்பு மேலேறாமல் தடுக்கும் சுவர் அது. அதைக் கடந்தால் ஆறு எண்ணூர்க் கழிமுகமாகிவிடுகிறது.

இதுவரை எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. எத்தனை அடி நீர்மட்டம், எத்தனை மதகு, எத்தனை கன அடி என்று மணிக்கு மணி எழுதப்படுகிறது. கழிமுகத்துக்குள் நுழைந்த பிறகு நம் கன அடியைக் கணக்கெடுக்க ஆளில்லை. இத்தனைக்கும் கூட்டம் சேர்வதே அங்கேதான். வடபெரும்பாக்கம், கொசப்பூர், சடையான்குப்பம் வழியாகப் புழல் ஏரியின் உபரி நீர் வந்து சேர்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் குறுக்கே வருகிறது. மணலி, எண்ணூர்த் தெருக்களின் மழைநீரும் வருகிறது. 2021-இல் மணலி புதுநகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது இந்தச் சந்திப்பில்தான். மேலே இருந்து வந்தது கூடுதல். கீழே போக இடம் குறைவு.

இடம் ஏன் குறைந்தது என்பதற்கு ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. கழிமுகத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், துறைமுகம், நிலக்கரி கொண்டுபோகும் கட்டமைப்பு, சாலைகள். சாம்பல் கொண்டுசெல்லும் குழாய்கள் உடைந்து உடைந்து, ஆற்றுப் படுகையில் சாம்பல் படிந்திருக்கிறது. ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இப்போது நடந்து போகலாம் என்று காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். அவர்கள் பேசுவது இறாலைப் பற்றி என்று நினைத்துக் கேட்காமல் விட்டோம்; வெள்ளம் வடியும் வழியைப் பற்றியும்தான் பேசினார்கள். 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில் இந்தக் கழிமுகம் இருக்கிறது. பின்னால் புழங்கிய இன்னொரு வரைபடத்தில் ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பைக் காணவில்லை. வரைபடத்தைத் தண்ணீர் படிக்காது என்பதால் அது பழைய இடத்தையே தேடி வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்து எண்ணெயையும் சுமந்துகொண்டு வந்து, மீனவர்களின் படகிலும் வலையிலும் அப்பிவிட்டுப் போனது.

திட்டம் இல்லையா என்றால், பெரிய திட்டமே உண்டு. கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் மழைநீர் வடிகால் அமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. புதிதாக 588 கிலோமீட்டர் வடிகால். தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றவருக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் வடிகாலின் வேலை தண்ணீரைச் சீக்கிரம் கடத்துவது. முன்பு காலி மனையிலும் குட்டையிலும் தங்கித் தயங்கி வந்த மழை இனி கான்கிரீட் வழியாக விரைந்து கழிமுகத்துக்கு வரும், பூண்டியின் கன அடி வரும் அதே இரவில். வடிகால் மாநகராட்சியுடையது, மதகு நீர்வளத் துறையுடையது, கழிமுகக் கரை பாதி தொழிற்சாலைகளுடையது. திட்டம் போடுவதென்றால் இந்த மூன்றையும் ஒரே தாளில் போட வேண்டும். அடிவாயை ஆழப்படுத்தாமல் மேல்வாயை மட்டும் அகலப்படுத்துவது, என் கணிப்பில், வெள்ளத்தை ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்கு மாற்றும் வேலை.

கடைசியாக முகத்துவாரம். அலை கொண்டுவந்து போடும் மணலால் அடிக்கடி அது தூர்ந்துவிடும். எந்திரம் வைத்து மணலை அள்ள வேண்டியிருக்கிறது. திறந்திருந்தாலும் கடல் சம்மதிக்க வேண்டும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் வற்றம். புயல் நாளில் காற்று கடலைக் கரைப்பக்கம் தள்ளுவதால் வற்றம்கூடச் சரியாக வற்றுவதில்லை. ஏற்ற நேரத்தில் வந்து சேரும் கன அடி வெளியேற முடியாமல் பின்வாங்கி, சடையான்குப்பத்துத் தாழ்வான தெருக்களில் ஏறுகிறது.

ஓத அட்டவணை ஓராண்டுக்கு முன்னாலேயே கணக்கிடப்பட்டுவிடும். எந்த நாளில் எந்த மணிக்குக் கடல் ஏறும் என்பது பூண்டியில் பெய்யப்போகும் மழையைவிடத் துல்லியமாகத் தெரிந்த விஷயம். ஊர்ப்பட்டியலும் கன அடியும் தாங்கி வரும் வெள்ள எச்சரிக்கைகளை எத்தனையோ மழைக்காலங்களில் படித்திருக்கிறேன். எண்ணூரில் அன்று கடல் ஏறும் நேரத்தை ஒன்றில்கூடப் பார்த்ததில்லை.