கொடி யாருடையது?

கொடியொன்றைப் பார்க்கும்போது அதன் நிறங்களின் பொருளை மட்டும் கேட்டு அமைந்துவிடுகிறோம். அது யாருடைய கொடி என்று கேட்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்திலுள்ள பொக்கற்றெல்லோ என்னும் சிறு நகரத்தின் கொடி, அக்கேள்வியைக் கேட்குமாறு நம்மைத் தூண்டுகிறது.

2017 வரை அந்நகரின் கொடியாகப் பறந்தது, வெண்துணியில் அச்சிட்ட விளம்பரச் சின்னமேயன்றி வேறன்று. நகரப் பெருமை கூறும் வாசகமொன்று. அதனோடு பதிப்புரிமைக் குறிப்பும் வியாபாரக் குறியின் அடையாளமும்! பொதுமக்களின் கொடி, சவர்க்காரப் பெட்டியின் மேலுறை போலாயிற்று. 2004இல் வட அமெரிக்கக் கொடியியற் கழகம் 150 நகரக் கொடிகளை மதிப்பிட்டபோது இதற்கே கடைசி இடம் கிடைத்தது. 2015இல் ரோமன் மார்ஸ் என்னும் ஒலிபரப்பாளர் தமது உரையொன்றில் இதனை எடுத்துக்காட்டவே, நகரத்தார் விழித்துக்கொண்டனர். குழுவொன்று அமைந்தது, மக்களிடமிருந்து நூற்றுக்கணக்கான வடிவங்கள் வந்தன. 2017இல் புதிய கொடி ஏறியது. நீலப் புலத்தில் மூன்று செந்நிற மலைகள். போட்நியூவ் ஆற்றைக் குறிக்கும் நீலக்கோடு. போக்குவரத்து மையமாக நகர் வளர்ந்ததை நினைவூட்டும் பொன்னிறத் திசைகாட்டி.

மக்கள் தெரிந்தெடுத்த கொடி என்ற வகையில் இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அத்திசைகாட்டி சுட்டும் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். நகரின் பெயர், 1884இல் மறைந்த சொசோனி இனத் தலைவர் ஒருவரின் பெயராகும். 1867இல் அப்பகுதிப் பூர்வகுடிகளுக்கென ஃபோட் ஹோல் ஒதுக்கு நிலம் வகுக்கப்பட்டது. 1878இல் புகையிரதப் பாதை அங்கு வந்தது. பாதை சந்தியாயிற்று, சந்தி நகராயிற்று. நகருக்கு நிலம் போதவில்லை. ஒதுக்கு நிலம் சுருங்கிற்று. 1902 யூன் 17ஆந் திகதி, அதிலிருந்து பிரிக்கப்பட்ட 4 இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. குதிரையேறி முந்தி ஓடியவர்கள் நிலத்தைப் பற்றிக்கொண்டனர்.

தலைவனின் பெயர் நகருக்கு. அவன் மக்களின் நிலம் பிறருக்கு. பின்னொரு காலத்தில் அதே பெயரைத் துணியில் எழுதி, அதற்கு உரிமைக் குறியும் இட்டார்கள்! துணிக்கு உரிமை கோரத் தெரிந்த சமுதாயம், மண்ணுக்குரியவரின் உரிமையை மறந்தது.

சொசோனி மக்கள் பனொக் இனத்தாருடன் இன்றும் ஃபோட் ஹோலில், அந்நகரின் அயலிலேயே வாழ்கின்றனர். அவலட்சணமான கொடியை மாற்றுவதற்குப் பதினைந்து ஆண்டுகூடத் தேவைப்படவில்லை. அநீதியான வரலாற்றை நேர்செய்தல் அத்துணை எளிதன்று. கொடிகளின் பொருளை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், அவை பறக்கும் கம்பம் யாருடைய மண்ணில் நாட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே கற்பிப்போமாக.