வெள்ளித் துகளும் மெலிந்த ஒளியும்

பழவேற்காட்டு மீனவர்களுடன் படகில் சென்றவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருப்பர். ஏரி நீர் சேறு கலந்து மங்கலாக இருக்கும். முகத்துவாரம் கடந்து ஆழ்கடல் சேர்ந்தால் நீர் நீலமாகிவிடும். கடலின் நீலம் வானத்தின் நிழலே என்று ராலே பிரபு கருதினார். ஆனால் ஏரிக்கு மேலும் அதே வானம்தானே இருக்கிறது?

1921-இல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ கப்பலில் திரும்பிய சி. வி. இராமன் இதைச் சோதித்துப் பார்த்தார். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை நிக்கோல் பட்டகத்தால் விலக்கிவிட்டு மத்தியதரைக் கடலை நோக்கினார். நீலம் மறையவில்லை. நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதும், அதன் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதும் சேர்ந்தே இந்நிறத்தைத் தருகின்றன என்பதை இன்று அறிவோம்.

சிதறல் ஆராய்ச்சி தொடர்ந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று, வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு, கல்கத்தாவில் இராமன் விளைவு கண்டறியப்பட்டது. சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு மூலக்கூறு இன்னதென்று அடையாளம் காணலாம். ஆனால் அப்பகுதி மிகச் சிறிது. ஒரு கோடி ஒளித்துகளில் ஏறத்தாழ ஒன்று. நீரில் கலந்த நுண்ணளவு நஞ்சைக் காண இது எப்படிப் போதும்?

இதேபோல் மெலிந்த இன்னொரு விளைவும் உண்டு. 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்கனும் தோழர்களும் 6943 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியைப் படிகக்கல்லில் செலுத்தினர். அலைநீளம் சரிபாதியாகக் குறைந்த புற ஊதா ஒளியும் வெளிவந்தது. ஒளித்தட்டில் அது பதிந்த புள்ளி மிகச் சிறியது. அச்சிட்டவர்கள் அதை அழுக்கென்று எண்ணி நீக்கிவிட்டார்கள்! கட்டுரையில் புள்ளியைச் சுட்டும் அம்புக்குறி மட்டும் மிஞ்சியது.

1974-இல் சௌத்தாம்ப்டனில் ஃபிளைஷ்மனும் தோழர்களும் வெள்ளி மின்வாயைச் சொரசொரப்பாக்கி, அதில் ஒட்டிய பிரிடின் மூலக்கூறுகளின் இராமன் ஒளியை எளிதாகக் கண்டனர். பரப்பு கூடியதால் மூலக்கூறுகளும் கூடின என்பது அவர்கள் விளக்கம். 1977-இல் ஜீன்மேர், வான் டைன் இருவரும் கணக்குப் பார்த்தார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் இலட்சம் முதல் பத்து இலட்சம் மடங்கு வரை மிகுதியான ஒளியைத் தந்திருந்தது! இந்தக் கூட்டல் கழித்தலையே நான் இவ்வரலாற்றின் திருப்பமாகக் கருதுகிறேன்.

காரணத்தை மாஸ்கோவிட்ஸ் 1978-இல் முன்வைத்தார். தொட்டி நீரை அதன் தாளம் அறிந்து தள்ளினால் சிறு கை வீச்சிலேயே பேரலை எழும் அல்லவா? வெள்ளியின் நுண்மேடுகளில் உள்ள எலெக்ட்ரான்களும் தக்க நிற ஒளி பட்டால் ஒருசேர ஊசலாடுகின்றன. அருகில் மின்புலம் பெருகுகிறது. அலைநீளம் பாதியாகும் விளைவில் ஒளிச்செறிவு மின்புலத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆகவே புலம் பத்து மடங்கானால் ஒளி பதினாயிரம் மடங்காகும். 1981-இல் பெர்க்லியில் ஷென் குழுவினர் சொரசொரப்பான வெள்ளியில் கண்டதும் ஏறத்தாழ இந்தப் பெருக்கமே.

ஒரு தொல்லை இருந்தது. சொரசொரப்பு இடத்துக்கு இடம் மாறும், அளவும் மாறும். நஞ்சைக் கணக்கிட இது உதவுமா? எனவே ஒரே அளவுள்ள துகள்களை ஒழுங்காக வரிசைப்படுத்தினர். பழவேற்காடு ஏரியில் வலை கட்ட ஊன்றிய கழிகளை நினைத்துப் பாருங்கள். அலை மோதும்போது ஒவ்வொரு கழியும் ஒரு சிற்றலையைத் திருப்பி அனுப்பும். கழிகளின் இடைவெளி அலைநீளத்துக்கு இசைந்தால் சிற்றலைகள் ஒன்றுகூடி வலுக்கும். பொன் துகள் வரிசைகளில் ஒளி இவ்வாறே கூடி, ஊசலாட்டம் கூர்மையடைவதை 2008-இல் சோதனைகள் காட்டின. அலைநீளம் பாதியாகும் விளைவையும் இத்தகைய வரிசைகள் பெருக்குவது பின்னர் அளந்தறியப்பட்டது.