பூச்சியே பொத்தானை அமுக்கிய கதை

போன வாரம் முருங்கைப் பூவைச் சுற்றும் தேனீயைப் பறக்கும்போதே படம் பிடிக்கணும்னு கேமராவோடு உட்கார்ந்தேன். நூறு படத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பாதியில் தேனீ வெறும் கலங்கல். மீதியில் தேனீயே இல்லை. இந்த இரண்டு தோல்விக்கும் தனித்தனியாக வரலாறு இருக்கிறது.

முதலில் கலங்கல். 1882இல் பிரான்சின் எத்தியென் ஜூல் மாரே, துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்தார். நொடிக்கு 12 படம், ஒவ்வொன்றும் 1/720 நொடி. கடற்பறவைகளுக்கு அது போதும். பூச்சிக்குப் போதாது. நொடிக்கு இரண்டு மீட்டர் பறக்கும் பூச்சி அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 3 மி.மீ. நகர்ந்துவிடும். இறக்கையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மாரேயின் உதவியாளர் லூசியென் புல், 1904 வாக்கில் வேறு வழி கண்டார். ஷட்டரை வேகப்படுத்துவதற்குப் பதில் வெளிச்சத்தையே சுருக்கினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மின்பொறி, அவ்வளவுதான். 1930களில் அமெரிக்காவின் ஹரால்ட் எட்ஜர்டன் இதே யோசனையை ஃபிளாஷ் விளக்காக வளர்த்து, ரீங்காரச்சிட்டின் இறக்கையையும் நிறுத்திக் காட்டினார்.

அடுத்தது, ஆளே இல்லாத படம். பார்த்ததும் நம் விரல் அசைய ஏறத்தாழ 1/5 நொடி ஆகும். அதற்குள் அந்தப் பூச்சி 40 செ.மீ. போயாச்சு! புல் இதையும் யோசித்திருந்தார். கண்ணாடிக் குழாயிலிருந்து பூச்சி வெளியே வரும் அசைவே கருவியை முடுக்கிவிட்டது.

1970களில் இங்கிலாந்தின் ஸ்டீஃபன் டால்டன், பூச்சி ஒளிக்கற்றையைக் குறுக்கே கடந்ததும் ஃபிளாஷ் அடிக்கும்படி செய்தார். ஆனால் கேமராவின் சொந்த ஷட்டர் திறக்கவே 1/20 நொடி ஆனது. அதாவது 10 செ.மீ. தாமதம். அதனால் 1/450 நொடியில் திறக்கும் தனி ஷட்டரைச் செய்ய வைத்தார். ஃபிளாஷ் எரிந்தது 1/25,000 நொடி. அந்தப் படங்கள் 1975இல் 'பார்ன் ஆன் தி விண்ட்' என்ற புத்தகமாக வந்தன.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. பூச்சியை உள்ளே கொண்டுவந்து, அதற்கென்று கட்டிய பாதையில் பறக்கவிட வேண்டியிருந்தது. படத்தில் இறக்கை உண்மை, காடு இல்லை.

இன்றைய சில கேமராக்கள் பொத்தானை அமுக்குவதற்கு முந்தைய கணங்களையும் சேமித்துவைக்கின்றன. நம் விரல் தாமதம்தான் என்று கேமராக்காரர்களே ஒப்புக்கொண்ட மாதிரி! என் கேமராவில் அது கிடையாது. அடுத்த தடவை தேனீயைத் துரத்தப் போவதில்லை. ஒரே பூவில் ஃபோகஸை வைத்து, ஃபிளாஷோடு காத்திருக்கலாம் என்றிருக்கிறேன். வந்தால் சொல்கிறேன்.