சட்டை ஜேப்பும் சைன் மதிப்பும்

‘ஒரு மனிதன் கோபுரத்தைப் பார்க்கிறான். ஏற்றக்கோணம் 30 பாகை. உயரம் என்ன?’ பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் இந்த மாதிரிக் கணக்குகள்தான். யார் அந்த மனிதன், எதுக்காகப் பார்க்கிறான் என்று பதினைந்து வயதுப் பையன் கேட்பதில்லை. முப்பத்தைந்தில் தனித்தேர்வராக எழுத வருகிறவர் கேட்பார். கடையநல்லூர்ப் பக்கம் தறியிலும் கட்டட வேலையிலும் கை காய்த்தபின் புத்தகத்தைத் திறப்பவருக்கு அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

அவருக்கு முக்கோணம் தெரியாது என்பது கல்வி நிறுவனம் கட்டமைத்த பொய். கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருதான்னு பார்க்கிறார். வந்தால் மூலை மட்டம் சரி. அந்தக் குறுக்குக்குத்தான் புத்தகத்தில் ‘கர்ணம்’ என்று பேர். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ‘சைன்’ என்ற சொல் வந்ததும், இது வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு ஆகாது என்ற மிரட்சி.

அந்தச் சொல்லின் பயணம் வேடிக்கையானது. ஆரியபடர் 499இல் பாதி நாணுக்கு அட்டவணை தந்தார். நாண் என்பது சமஸ்கிருதத்தில் ஜ்யா, ஜீவா. அரபியர் அதை ‘ஜீபா’ என்று கடன்வாங்கினர். அரபியில் குற்றுயிர்களை எழுதுவதில்லை என்பதால் பின்னால் வந்தவர்கள் ‘ஜைப்’ என்று வாசித்தார்கள். சட்டையின் மார்பு மடிப்பு என்று பொருள். 12ஆம் நூற்றாண்டு லத்தீன் மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு ‘சைனஸ்’ என்று போட்டார்கள். அதே ‘ஜைப்’ பாரசீகம், உருது வழியாக வந்து நம்மூரில் ஜேப்பு ஆச்சு. பீடிக்கட்டு வைக்கிற ஜேப்பும் தேர்வில் பயமுறுத்தும் சைனும் ஒரே சொல்லின் இரண்டு கிளைகள்.

பார்க்கும் மனிதனுக்கும் வரலாறு உண்டு. 1799இல் திப்பு வீழ்ந்தார், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் பாளையக்காரர் போர் அடக்கப்பட்டது. ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் இருந்த வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்தார். பிறகு முக்கோணம் மேல் முக்கோணம். ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் போதும், மிச்சத்தைச் சைன் தந்துவிடும். எந்த முக்கோணமும் ஒரு செங்குத்துப் போட்டால் இரண்டு செங்கோண முக்கோணங்கள்தானே. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதிச் சிதைந்தது. கயிறு இழுத்த கூலிகளின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? பாளையங்களை அடக்கிய கையோடு நிலத்தை எண்ணாக்கிய அதிகாரம் இது. அதன் முகத்தை அழித்துவிட்டுத்தான் ‘ஒரு மனிதன்’ என்கிறார்கள்.

கடையநல்லூரிலிருந்து தென்காசிக்குப் பஸ் ஏறினால், 1990இல் குடமுழுக்கு நடந்த காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம், சுமார் 180 அடி. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகை. ஒரு ஓரத்தைத் தரைமட்டமாகப் பிடித்து, மடிப்பின் வழியே உச்சி தெரிகிறவரை பின்னால் நகரணும். டேன் 45 என்பது 1. அதனால் நிற்கிற தூரமே உயரம். சுமார் 175 அடியில் உச்சி தெரியும். மிச்சம் 5 அடி, பார்க்கிறவரின் கண் உயரம். புத்தகத்துக் கணக்குகள் பலவற்றில் அந்த மனிதனுக்கு உயரமே கிடையாது.