பொதுச் சதுக்கங்களில் இடர் மதிப்பீடு

பொதுச் சதுக்கங்களில் கூடும் மக்களுக்கு நேரக்கூடிய தீங்குகளை முன்கூட்டியே இனங்கண்டு, அவற்றின் நிகழ்வாய்ப்பையும் கடுமையையும் கணித்து, எவற்றை முதலில் குறைப்பது என முடிவுசெய்யும் முறை இடர் மதிப்பீடு எனப்படும். கண்டறிதல், பகுப்பாய்வு, முடிவுசெய்தல் என்னும் இதன் மூன்று படிகளை ஐ.எஸ்.ஓ. 31000 தரநிலை (2009, திருத்தம் 2018) வகுத்துள்ளது.

இடர்கள்

கூட்ட நெரிசல், வாகனத் தாக்குதல், தீ, தற்காலிக மேடைகள் சரிதல், கடும் வெப்பம் ஆகியவை முதன்மையானவை. ஒரே சதுக்கம் சந்தை நாளில் ஒருவிதமாகவும் விழா இரவில் வேறுவிதமாகவும் பயன்படுவதால், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனி மதிப்பீடு தேவை. முதியோர், குழந்தைகள், சக்கர நாற்காலியில் வருவோர் வெளியேறக் கூடுதல் நேரம் ஆகும் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

கூட்ட அடர்த்தி

ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 பேர் என்ற நிலையில் கூட்டம் பாய்மம்போல் நகரத் தொடங்கும் என அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் விளக்கினார். அப்போது தனிமனிதர் தம் விருப்பப்படி நகர முடியாது; நெரிசலில் இறப்போரில் பலர் மிதிபட்டு அல்ல, நெஞ்சு அழுந்தி மூச்சுத்திணறியே இறக்கின்றனர்.

துரின் நிகழ்வு

இத்தாலியின் துரின் நகரில் 2017 ஜூன் 3 அன்று, சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியைத் திரையில் காணப் பியாட்சா சான் கார்லோ சதுக்கத்தில் பல்லாயிரம் பேர் திரண்டனர். கொள்ளைக் கும்பல் ஒன்று மிளகுத் தெளிப்பானைப் பயன்படுத்தியதால் எழுந்த பீதியில் மக்கள் சிதறி ஓடினர். 1,500-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். தரையில் கிடந்த உடைந்த கண்ணாடிப் போத்தல்களால் வெட்டுப்பட்டோர் ஏராளம். படுகாயமடைந்த பெண் ஒருவர் அம்மாதமே இறந்தார். நெரிசல் நிகழ்ந்த நான்கே நாட்களில், அப்போதைய இத்தாலியக் காவல்துறைத் தலைவர் ஃப்ராங்கோ கப்ரியெல்லி சுற்றறிக்கை ஒன்றை அனுப்பினார். கூட்ட வரம்பு, வெளியேறும் வழிகள், தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்தல், கண்ணாடிப் போத்தல் விற்பனைத் தடை ஆகியவற்றை நிகழ்ச்சிக்கு முன்பே ஆராய அது வலியுறுத்தியது.

தடுப்புகள்

2016-இல் நீஸ், பெர்லின் நகரங்களில் கூட்டத்தின்மீது லாரிகள் ஏற்றப்பட்ட பின், ஐரோப்பியச் சதுக்கங்களில் தடுப்புத் தூண்கள் பெருகின. வாகனம் நுழையாதபடியும் சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும்படியும் அவற்றின் இடைவெளி அமைய வேண்டும். தாக்குதலைத் தடுக்க வைத்த தொடர்வேலி, நெரிசலின்போது மக்களை அடைத்துவிடக்கூடும். எனவே, ஒவ்வொரு தடுப்பையும் அது எந்த இடரைக் குறைக்கிறது, எந்த இடரைக் கூட்டுகிறது என்று சேர்த்தே எடைபோட வேண்டும். எத்தனை பேர் நிற்கலாம் என்பதைவிட, எத்தனை பேர் விரைவில் வெளியேறலாம் என்பதே சதுக்கத்தின் கொள்ளளவைத் தீர்மானிக்க வேண்டும்.