இழுவைப் படகின் வேகம்

1739-ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் வசமாகி, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பட்டு மீண்டு, 1954 நவம்பர் முதல் தேதியன்று இந்தியாவோடு இணைந்த காரைக்கால் பிரதேசத்தின் சரித்திரத்தைச் சொல்ல வருவோர், உடன்படிக்கைகளையும் துறைமுக வாணிபத்தையும் இங்கிருந்து கப்பலேறி ரீயூனியன் தீவுக்கும் மார்த்தினிக்குக்கும் கூலிகளாகப் போனவர்களையும் விஸ்தாரமாகச் சொல்வார்கள். வடக்கே மண்டபத்தூர், காளிக்குப்பம் முதல் தெற்கே பட்டினச்சேரி, வாஞ்சூர் வரை கடலோரமாக அமைந்திருக்கும் மீனவக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பழகிவந்த ஒரு வித்தைக்கு அந்தச் சரித்திரத்தில் இடம் கிடைப்பது அருமை. பின்னால் ஒரு பாரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது, வேகம் கூடாமலும் குறையாமலும் ஒரு சிறு கலத்தைச் செலுத்துவதே அந்த வித்தை. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்தக் காரியத்தில்தான் இக்கரையின் கடந்த எழுபது வருஷத்துச் சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

யந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே சோழமண்டலக் கரையில் இழுத்துப் பிடிக்கும் மீன்பிடிப்பு உண்டு. இரண்டு கட்டுமரங்கள் ஒன்றுக்கொன்று விலகி நின்று, இடையே பைபோன்ற மடியுள்ள வலையை நீரில் விட்டு, பாய் விரித்தோ துடுப்புப் போட்டோ அதை இழுத்துச் செல்லும். ஒரு மரம் முந்தி மற்றொன்று பிந்தினால் வலையின் வாய் கோணும். இரண்டும் தளர்ந்தால் வாய் மூடிக்கொள்ளும். உள்ளே புகுந்த மீன் வந்த வழியே வெளியேறிவிடும். ஆகவே இரு மரத்துக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து வேகத்தை ஒத்துப்போகச் செய்தாக வேண்டும். காற்றை நம்பிய தொழிலாகையால், வாடை ஓங்கினாலும் கச்சான் சீறினாலும் அன்றைக்கு இழுப்பு கிடையாது. காற்று ஓய்ந்தால் மனிதன் கை சலிக்கும். கை சலித்தால் வலை கரையேறும். இந்த ஓய்வு யாரும் திட்டமிட்டுக் கொடுத்ததன்று என்றாலும், அது கடலுக்கும் சேர்த்துக் கிடைத்த ஓய்வாக இருந்தது.

கடலடியை வாரி இழுக்கும் வலையைப் பற்றிய முறையீடும் புதிதன்று. 1376-ஆம் வருஷத்திலேயே இங்கிலாந்தில், கனத்த விட்டம் பூட்டிய அத்தகைய வலை குஞ்சு மீன்களையும் கடலடிப் பூண்டுகளையும் நாசம் செய்கிறது என்று மூன்றாம் எட்வர்டு மன்னரின் பார்லிமெண்டில் விண்ணப்பம் செய்திருக்கிறார்கள். அந்த விட்டத்தை நீக்கி, வலையின் இரு பக்கமும் ஒவ்வொரு பலகையைச் சாய்வாகக் கட்டி, பாயும் நீர் அப்பலகைகளை வெளிப்புறமாகத் தள்ளுவதாலேயே வாய் விரிந்து நிற்கும்படி அமைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். வங்கக் கடலுக்கு அம்முறை வந்தது அரசாங்கச் சோதனையாக. 1908, 1909-ஆம் ஆண்டுகளில் ‘கோல்டன் கிரௌன்’ என்ற நீராவிக் கப்பல் வங்காளக் கரையிலும், 1927-ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாண மீன்துறையின் ‘லேடி கோஷன்’ தமிழ்க் கரையிலும் இழுவலை போட்டு ஆராய்ந்தன. அவற்றால் கட்டுமரக்காரர் வாழ்க்கையில் மாறுதல் ஒன்றும் நேரவில்லை.

மாறுதலைக் கொண்டுவந்தது சிறிய டீசல் யந்திரம். 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, அடுத்த ஆண்டே கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் விசைப்படகுகளைப் பழக்கத் தொடங்கினார்கள். இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நல்ல விலை உண்டென்று தெரிந்தபின், இழுவலை போடும் சிறு விசைப்படகு அறுபதுகளில் கிழக்குக் கரைத் துறைகளிலும் பரவியது. அரசாங்கமும் மானியம் கொடுத்து அதை ஊக்குவித்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காரைக்கால் மீனவரும் நாகப்பட்டினத்து மீனவரைப் போலவே அந்தப் புதிய தொழிலுக்குள் புகுந்தார்கள்.

இங்கே டீசல் யந்திரத்தின் விசேஷம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி யந்திரத்தில் பொருத்திய சுழல் குண்டுகள், யந்திரம் வேகமாகச் சுற்றினால் விலகி நீராவியைக் குறைக்கும். மெதுவானால் நெருங்கி நீராவியை அதிகமாக விடும். கவர்னர் எனப்படும் அந்தக் கருவியின் சந்ததிதான் விசைப்படகின் டீசல் யந்திரத்திலும் இருந்து, வலை கனத்துப் பாரம் ஏறினால் எண்ணெயைக் கூட்டியும், பாரம் குறைந்தால் எண்ணெயைக் குறைத்தும், சுழற்சியை ஏறக்குறைய ஒரே நிலையில் வைக்கிறது. காற்று ஓய்ந்தால் ஓய்ந்த இழுப்பு, இனி எண்ணெய் தீரும்வரை ஓயவேண்டியதில்லை என்றாயிற்று.

ஆனால் யந்திரத்தின் சுழற்சி சீராக இருப்பதும் வலையின் வேகம் சீராக இருப்பதும் ஒன்றல்ல. மணிக்கு இரண்டு அல்லது மூன்று கடல் மைல் என்ற அளவில், மனிதன் நடக்கும் வேகத்தில்தான் இழுவலை போக வேண்டும். அதற்குக் குறைந்தால் பலகைகள் தள்ளும் விசையை இழந்து சரிந்துவிடும். அதிகமானால் வலை தரையை விட்டு எழும்பி, அடியில் கிடக்கும் இறால் தப்பிவிடும். மேல்நீர் ஒரு திசையிலும் அடிநீர் வேறொரு திசையிலும் ஓடும் நாளில், படகு போகும் வேகம் ஒன்றாகவும் வலைக்குள் நீர் புகும் வேகம் மற்றொன்றாகவும் இருக்கும். இதையெல்லாம் கவர்னர் அறியாது; டிரைவர்தான் அறிவார். எந்தப் படிப்பும் இல்லாமல் சுக்கான் பிடிக்க வந்தவர், பின்தளத்திலிருந்து நீருக்குள் இறங்கும் கம்பி வடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து, அதன் அதிர்விலிருந்து வலை மணலில் போகிறதா, சேற்றை அள்ளுகிறதா என்று சொல்லிவிடுவார். இரு வடங்களும் ஒரே விறைப்பில் நிற்கின்றனவா என்று பார்ப்பார். புகை கறுத்து யந்திரத்தின் குரல் தடித்தால், வலை எதிலோ மாட்டிக்கொண்டதென்று உணர்ந்து அந்தக் கணமே கியரை விடுவிப்பார், ஏனெனில் ஒரு நிமிஷம் தாமதித்தாலும் வலை கிழியும், சில சமயம் படகே கவிழும். திரும்பும்போது உட்புறப் பலகையின் வேகம் குறைந்துவிடும் என்பதால், அகன்ற வளைவாகவே திரும்புவார். இரட்டைக் கட்டுமரக்காரன் அடுத்த மரத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே விவேகம் இங்கே கண்ணைவிட்டுக் கைக்கும் காதுக்கும் இறங்கியிருக்கிறது என்பதைத் தவிர, வித்தையில் பேதமில்லை.

உல்லாசத்துக்காகப் படகு ஓட்டும் தேசங்களிலும் இதே பிரச்சினை வேறு உருவில் எழுந்தது. 1922-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்தில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயது இளைஞர், அண்ணன் ஓட்டிய படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரு பலகைகளின்மேல் ஏரியில் வழுக்கிச் சென்றார். அதன் வழியில் பின்னாளில் தோன்றிய வேக்போர்டு விளையாட்டில், மணிக்குச் சுமார் முப்பது முதல் முப்பத்தெட்டு கி.மீ. வேகத்தில் போகும் படகு சற்றே தளர்ந்தாலும் பின்னால் வருபவர் நீரில் அமிழத் தொடங்குவார். அவர் அலைமேல் எகிறும்போதும் பக்கவாட்டில் வெட்டும்போதும் கயிறு படகைப் பின்னுக்கு இழுத்து அதன் வேகத்தைக் குலைக்கும். ஆகவே அவர்கள் நீரில் சுழலும் சிறு சக்கரத்தாலும், பிறகு வானத்துச் செயற்கைக்கோள்களாலும் வேகத்தை அளந்து, யந்திரத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும் கருவிகளைச் செய்துகொண்டார்கள். காரைக்கால் டிரைவர் உள்ளங்கையால் செய்வதும் அதுவே. ஆயினும் ஏரியில் இழுக்கப்படுபவர் சோர்ந்தால் கயிற்றை விட்டுவிடலாம். அதோடு அன்றைய ஆட்டம் முடிந்தது. கடலடிக்கு அப்படி விட்டுவிடும் வழி கிடையாது.

இரவு பகலாக ஒரே வேகத்தில் வாரப்பட்ட கடல் வறண்டது. மீன் தேடிப் படகுகள் கோடியக்கரையைத் தாண்டி பாக் நீரிணைவரை போயின. இலங்கைக் கடற்படையிடம் அகப்பட்டுச் சிறையிலிருந்த காரைக்கால் மீனவர் பலர். அந்நாடு 2017-இல் தன் கடலில் அடிமட்ட இழுவலையைச் சட்டத்தாலேயே தடை செய்துவிட்டது. 2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமிக்குப் பின், கட்டுமரங்கள் அருகி, சிறு யந்திரம் பூட்டிய பைபர் படகுகள் காரைக்கால் கரையை நிறைத்தன. ஆகவே யந்திரமில்லாத காலத்துக்குத் திரும்புவது பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

கேட்க வேண்டியது, காற்று முன்னர் கொடுத்துவந்த ஓய்வை இனி யார் கொடுப்பது என்பதே. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் விசைப்படகைக் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்கு அப்பால் நிறுத்தியதோடு, காலை ஐந்து மணிக்குமேல் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குள் திரும்பவேண்டுமென்றும் விதித்தது. குதிரைத் திறனையும் வலைக்கண்ணையும் அளக்கும் விதிகளைக் காட்டிலும், காலத்தை அளக்கும் இத்தகைய விதிகளே இத்தொழிலின் வரலாற்றுக்குப் பொருத்தமானவை என்பது என் முடிவு. ஏனெனில் இழுவைப் படகு கொண்டுவந்த புதுமை பலம் அன்று, ஓயாமை. இந்நாளில் கிழக்குக் கரை முழுவதும், காரைக்கால் உள்பட, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை.