ரஞ்சிக் கோப்பை: மண்டலங்களின் பலத்தை ஒப்பிட்ட வரலாறு

ரஞ்சிக் கோப்பை இந்திய மாநில அணிகள் மோதும் முதல்தரக் கிரிக்கெட் போட்டியாகும். இதில் ஓர் அணி பெரும்பாலும் தன் மண்டலத்திலோ பிரிவிலோ உள்ள அணிகளுடனேயே ஆடி வந்துள்ளது. ஒரு பிரிவில் முதலிடம் பெற்ற அணியும் மற்றொரு பிரிவில் மூன்றாமிடம் பெற்ற அணியும் மோதினால் எது வெல்லும் என்பதைப் புள்ளிப் பட்டியலைக் கொண்டு மட்டும் கூற இயலாது. இக்கேள்விக்குக் கடந்த 90 ஆண்டுகளில் கிடைத்த விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கமும் மண்டல முறையும்

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சென்னை சேப்பாக்கத்தில் சென்னை, மைசூர் அணிகளுக்கிடையே நடைபெற்றது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஒரே நாளில் சென்னை வென்றது. தொடக்க ஆண்டுகளில் தோற்ற அணி வெளியேறும் முறையில், மண்டல வாரியாக ஆட்டங்கள் நடந்தன.

1957-58 முதல் ஒவ்வொரு மண்டலத்திலும் லீக் முறை வந்தது. மண்டலத்தில் முதலிடம் பெற்ற அணி மட்டுமே அடுத்த சுற்றுக்குச் சென்றது. எல்லா மண்டலங்களும் சம பலம் உடையவை என்ற எண்ணத்தின் மேல் இந்த விதி நின்றது. ஆனால் 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 முறை பம்பாய் அணியே கோப்பையை வென்றது. மேற்கு மண்டலத்தின் பிற அணிகள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பம்பாயைத் தாண்டாமல் வெளியே வர இயலவில்லை.

1970-71இல் மண்டலத்திற்கு இரண்டு அணிகள் என்று விதி மாறியது. அந்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில் மோதியவை பம்பாயும் மகாராஷ்டிராவும். இரண்டுமே மேற்கு மண்டல அணிகள். பம்பாய் 48 ஓட்டங்களில் வென்றது. ஒரு மண்டலத்தின் இரண்டாவது அணி இறுதி வரை செல்லக்கூடும் என்பது முதல் வாய்ப்பிலேயே தெரிந்தது. பழைய விதி எத்தனை நல்ல அணிகளை வீட்டுக்கு அனுப்பியிருக்கும் என்ற கேள்வியும் எழுந்தது.

துலீப் கோப்பை

மண்டலங்களை நேரடியாக மோதவிடும் துலீப் கோப்பை 1961-62இல் தொடங்கியது. முதல் கோப்பையை மேற்கு மண்டலம் வென்றது. எனினும் இப்போட்டியை மண்டலங்களின் முழு அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஒரு மண்டலத்தின் சிறந்த பதினொருவர் சேர்ந்து ஆடும் அணி அது. ஐந்து மாநிலங்களில் ஒரு மாநிலம் மட்டும் வலுவாக இருந்தாலும் மண்டல அணி வலுவாகத் தோன்றும். சிறந்த வீரர்களின் பலம் வேறு, அணிகளின் சராசரிப் பலம் வேறு.

எலைட், பிளேட் பிரிவுகள்

2002-03இல் மண்டல முறை கைவிடப்பட்டு, மேல்நிலை எலைட், கீழ்நிலை பிளேட் என அணிகள் பிரிக்கப்பட்டன. பின்னர் பெயர்களும் விதிகளும் பலமுறை மாறின. கீழ்ப்பிரிவில் சிறந்த அணிகளுக்கும் கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளில் இடம் தரும் வழக்கம் ஏற்பட்டது. இரு பிரிவுகளையும் ஒப்பிட இந்த ஆட்டங்களே சான்றுகள்.

2010-11இல் ராஜஸ்தான் பிளேட் பிரிவில் இருந்தது. அப்பிரிவில் ஐதராபாத்தை 21 ஓட்டங்களில் சுருட்டியது. ரஞ்சி வரலாற்றின் மிகக் குறைந்த இன்னிங்ஸ் எண்ணிக்கை அதுவே. அறிமுக ஆட்டக்காரர் தீபக் சாகர் 10 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். எதிரணி பலவீனமானது என்று அன்று இதைத் தள்ளிவிட இடமிருந்தது. ஆனால் அதே ராஜஸ்தான் மும்பையையும் தமிழ்நாட்டையும் வெளியேற்றி, இறுதியில் பரோடாவை முந்திக் கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டு சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டை முந்தி அதைத் தக்கவைத்துக்கொண்டது. கீழ்ப்பிரிவில் இருக்கும் அணி கீழான அணியாகவே இருக்க வேண்டியதில்லை.

2018-19இல் ஒன்பது புதிய அணிகள் சேர்ந்து மொத்தம் 37 ஆயின. காலிறுதிக்கு ஏ, பி பிரிவுகளிலிருந்து ஐந்து அணிகளும், சி பிரிவிலிருந்து ராஜஸ்தானும் உத்தரப் பிரதேசமும், பிளேட் பிரிவிலிருந்து உத்தராகண்டும் வந்தன. கீழ்நிலையிலிருந்து வந்த மூன்றும் காலிறுதியிலேயே தோற்றன.

சாதனை எண்களின் சிக்கல்

அதே 2018-19இல் பிளேட் பிரிவில் ஆடிய பீகார் வீரர் அசுதோஷ் அமன் 68 விக்கெட்டுகள் எடுத்தார். 1974-75இல் தில்லிக்காகப் பிஷன் சிங் பேடி எடுத்த 64 விக்கெட் சாதனை முறிந்தது. பேடி எடுத்தவை அக்கால மாநில அணிகளின் விக்கெட்டுகள். அமன் எடுத்தவற்றில் பெரும்பகுதி, முதல்தர ஆட்டத்திற்கு அப்போதுதான் வந்த அணிகளின் விக்கெட்டுகள். அமன் செய்த தவறு எதுவும் இல்லை. தமக்கு எதிரே வந்தவர்களைத்தான் அவர் வீழ்த்த முடியும். ஆனால் 68, 64 என்ற இரு எண்களை ஒரே தராசில் வைப்பதுதான் தவறு. 2024-25இல் விதர்பாவின் ஹர்ஷ் துபே எலைட் பிரிவில் ஆடி 69 விக்கெட்டுகளுடன் அச்சாதனையைக் கடந்தார்.

இதே இடைவெளியை 2022 மார்ச்சில் ஓர் ஆட்டம் அப்பட்டமாகக் காட்டியது. பிளேட் பிரிவில் முதலிடம் பெற்ற நாகாலாந்து, கொல்கத்தா ஈடன் கார்டனில் ஜார்க்கண்டைச் சந்தித்தது. ஜார்க்கண்ட் 880 ஓட்டங்கள் எடுத்தது, நாகாலாந்து 289. மீண்டும் ஆடிய ஜார்க்கண்ட் 417 சேர்த்தது. முன்னிலை 1008 ஓட்டங்கள். முதல்தரக் கிரிக்கெட்டில் அதுவரை எந்த அணியும் ஆயிரத்தை எட்டியதில்லை.

அந்த ஜார்க்கண்டைக் காலிறுதியில் வங்காளம் 773 ஓட்டங்கள் குவித்து வெளியேற்றியது. வங்காளத்தை அரையிறுதியில் மத்தியப் பிரதேசம் வென்றது. இறுதியில் மும்பையையும் வென்று கோப்பையைப் பெற்றது. நாகாலாந்தும் மத்தியப் பிரதேசமும் நேரில் மோதவில்லை. ஆயினும் இடையிலுள்ள ஆட்டங்களைச் சங்கிலியாகக் கோத்து இரண்டையும் ஒப்பிட முடிகிறது.

கணக்கிடும் முறைகள்

*ஈவு:* ஓர் அணி ஒரு விக்கெட்டுக்குச் சராசரியாக எடுத்த ஓட்டங்களை, அது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டங்களால் வகுப்பதே ஈவு. 40 எடுத்து 25 கொடுத்தால் ஈவு 1.6. இது எதிரணியின் தரத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

*எதிரணி சார்ந்த மதிப்பீடு:* வெற்றியின் மதிப்பை எதிரணியின் பலத்தைக் கொண்டு கணக்கிடும் முறை. இயற்பியல் பேராசிரியர் அர்பாத் ஈலோ சதுரங்கத்திற்காக வகுத்த முறையைப் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் ஏற்றது. பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பும் 2020 முதல் இதையொத்த முறையைப் பின்பற்றுகிறது. அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் அணிகள் தம் குழுமத்திற்குள்ளேயே மிகுதியாக ஆடுவதால், பிராட்லி, டெர்ரி ஆகியோர் 1952இல் வெளியிட்ட கணித மாதிரியைக் கொண்டு குழுமங்களை ஒப்பிடுகின்றனர்.

இம்முறைகள் அனைத்திற்கும் ஒரு பொது நிபந்தனை உண்டு. இரு குழுக்களுக்கிடையே போதிய ஆட்டங்கள் நடந்திருக்க வேண்டும். ஒரே ஓர் ஆட்டம் மட்டும் இணைப்பாக இருந்தால், அன்றைய ஆடுகளமும் பூவா தலையாவும் கூட ஒரு மண்டலத்தின் தரத்தை மாற்றிக் காட்டிவிடும். இணைப்பே இல்லையென்றால் எந்தச் சூத்திரமும் உதவாது.

சேலம் வட்டாரம்: ஓர் எடுத்துக்காட்டு

மாநில அளவிலும் இதே கேள்வி உண்டு. சென்னை லீக் ஆட்டங்களுக்கும் மாவட்டக் கிரிக்கெட்டுக்கும் இடையே நெடுங்காலம் இணைப்பு குறைவாக இருந்தது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். சென்னைக்குச் சென்று லீக் ஆட்டங்களில் பந்துவீசிய பிறகே அவரது திறனை மற்றவர்களுடன் ஒப்பிட முடிந்தது. 2015 சனவரியில் ரஞ்சியில் அறிமுகமானார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக், மாவட்ட வீரர்களையும் சென்னை வீரர்களையும் ஒரே களத்தில் நிறுத்தியது. ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைத்தொடருக்குக் கிழக்கே வாழப்பாடியில், 2020இல் சேலம் கிரிக்கெட் பவுண்டேஷன் மைதானம் திறக்கப்பட்டது. 2022இல் இந்த லீக்கின் ஆட்டங்கள் அங்கும் நடந்தன.

மதிப்பீடு

மண்டலங்களுக்கு இடையிலான வாயில் 1970-71இல் சற்றே திறந்ததும் மகாராஷ்டிராவின் தரம் தெரிந்தது. 2010-11இல் ராஜஸ்தானின் தரமும், 2022இல் நாகாலாந்து கடக்க வேண்டிய தொலைவும் அவ்வாறே தெரிந்தன. புள்ளியியல் ஆடிய ஆட்டங்களை எடைபோடும். ஆடாத ஆட்டங்களுக்கு அது விடை தராது. ஆகவே ஒரு சாதனை எண்ணைப் படிக்கும் மாணவர், அது யாருக்கு எதிராக எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.